ஒன்றே ஒன்று மீதம்

வளையல் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரை எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பார்சல் ஒட்டும் டேப்பு உருளைகளை இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். குனிந்து நிமிரும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். "கல்யாணப் பொண்ணு மாதிரி கை நிறையப் போட்டுட்டு நிக்கிறாரு பாருங்க" என்று பார்சல் வண்டிக்காரர் ஒருநாள் சொல்லிவைக்க, அன்றைக்கு ஒட்டியது பெயர். அவர் ஒட்டிய எந்தப் பெட்டியையும்விடக் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அது கடையே இல்லை. ஒரு வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகை. வங்கி வேலையை விட்டு வந்த ஓர் அம்மாள், தன் மகன் சட்டைக்குச் சட்டை மீறி வளர்வதைப் பார்த்து அலுத்து, எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தானே வளரும், இதையே தொழிலாக்கினால் என்ன என்று இறங்கியிருந்தார். பிள்ளைகளுக்கான உடுப்பும் ஷூவும் இணையத்தில் விற்பது. கார் வெளியே மழையில் நனைய, உள்ளே அட்டைப்பெட்டிகள் ராஜ்யம் பண்ணின. பக்கத்து வீட்டுப் பூனை வேறு எந்தப் பெட்டி காலியாகக் கிடந்தாலும் அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். பெட்டியை மூடுவதற்கு முன்னால் உள்ளே பூனை இருக்கிறதா என்று பார்ப்பதும் வேலையில் ஒரு பங்கு.

வளையல் அதற்கு முன்பு கண்ணாடிக் கடையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர். அந்தப் பழக்கத்தில், ஒரு சின்ன காலுறை ஜோடியைக்கூட நாலு சுற்றுக் காகிதத்தில் சுற்றி, மூலைக்கு மூலை அணை கொடுத்துத்தான் வைப்பார். முதலாளி மேடம் சிரிப்பார். "அண்ணே, சாக்ஸ் உடையாதுண்ணே." அவரும் தலையாட்டிவிட்டு அடுத்ததையும் அப்படியே சுற்றுவார்.

அந்த நாட்களை நினைத்தால் அவருக்கு இப்போதும் முகம் மலர்ந்துவிடும். ஓர் ஆர்டர் வந்தால் கொட்டகையே எழுந்து நிற்கும். மேடம் வாய்விட்டுப் படிப்பார், இவர் ஓடிப்போய் எடுப்பார், மேடத்தின் மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து "வித்துடுச்சா?" என்பார். அப்படி எப்போதாவது ஒன்றுதான் விற்றது. காரணம் படங்கள். உடுப்பைத் தரையில் விரித்துப் போட்டுப் படம் எடுத்து ஏற்றியிருந்தார்கள். உள்ளே ஆளில்லாத உடுப்பைப் பார்த்து யாருக்கும் வாங்கத் தோன்றவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து வகுப்பெல்லாம் குளமாகிவிட, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வளையலின் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாதியில் விட்டு வர முடியாது. எனவே மகளை அவர் கொட்டகைக்கு அழைத்து வந்தார். அவளுக்கு அப்போது ஐந்து முடிந்திருந்தது. ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, பூனைக்கும் தனக்குமாக ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். மேடம் கையில் ஒரு கத்தரிப்பூ நிற ஃபிராக். பெரிய பெரிய இரண்டு பைகள் வைத்தது. சும்மா அளவு பார்க்கலாம் என்று அவளுக்குப் போட்டுவிட்டார். அளந்து தைத்ததுபோல் உட்கார்ந்தது.

மேடத்துக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அப்போதே அளவு நாடாவை எடுத்து, தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கால் நீளம் என்று அவளைத் தலையிலிருந்து பாதம் வரை அளந்தார். நாடா படும் இடமெல்லாம் கூசி அவள் நெளிந்து நெளிந்து சிரித்தாள். அந்த அளவுதான் கடையின் 'ஐந்து முதல் ஆறு வயது' என்ற அளவாக நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவர் என்ன வாங்கினாலும் அது வளையலின் மகளுக்குச் சரியாக இருந்திருக்கும் என்று பொருள். இதை அவர் டீக்கடையில் சொல்லாத ஆள் கிடையாது.

படம் எடுக்க வந்தவர் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மணமகளுக்குச் சொல்வதுதான். "தலையை லேசாச் சாச்சுக்கம்மா. கண்ணைக் கீழ பாரு. வெக்கமாச் சிரி" என்றார். ஐந்து வயதுப் பிள்ளை தலைகுனிந்து, யாரோ மாலை போடக் காத்திருப்பதுபோல் நின்றது. மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவர் சிரிப்பதைப் பார்த்து பிள்ளையும் சிரிக்க, அந்தச் சிரிப்புதான் படமானது. ஃபிராக்கின் ஒரு பை புடைத்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மிச்ச பிஸ்கட்டை அவள் அதற்குள் போட்டு வைத்திருந்தாள். காலில் இருந்த ஷூ இரண்டு அளவு பெரியது. முன்னால் காகிதம் திணித்திருந்தது. அதுவும் படத்தில் தெரியாது.

ஆனால் படம் ஏறிய வாரமே அந்த ஃபிராக்குகள் பறந்தன. "பையில என்ன வச்சிருக்கா?" என்று கேட்டே எழுதினார்கள் சிலர். மேடம் அடுத்தடுத்து வந்த உடுப்புகளுக்கும் அவளையே நிற்க வைத்தார். படம் எடுக்கிற நாளில் வளையல் தன் சட்டையைக்கூட இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார், அவரை யாரும் எடுக்கப்போவதில்லை என்றாலும். வேலை முடிந்ததும் அப்பாவும் மகளும் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போவார்கள். இறங்குகிற வரை அவள் வாய் ஓயாது. பூனை என்ன சொன்னது, கேமராக்காரர் மூக்கு ஏன் அப்படி இருக்கிறது, மழைக்கு யார் ஆர்டர் கொடுப்பது. பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும்.

பிறகு அவள் வளர்ந்தாள். ஆறு, ஏழு, எட்டு என்று அந்தந்த வயது உடுப்பில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். ஆனால் எட்டு வயதில் முன்பற்கள் போய், கைகால் நீண்டு, கேமராவைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். மேடம் நல்லவிதமாகத்தான் சொன்னார், அடுத்த தடவை கடைக் கணக்காளரின் மகளை வைத்துப் பார்க்கலாமே என்று. மகள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விளையாடப் போக நேரம் கிடைத்தது என்று ஓடிவிட்டாள். அன்றைக்கு வளையலுக்குத்தான் டேப்பின் முனை எங்கே என்றே அகப்படவில்லை. உருளையைச் சுற்றிச் சுற்றி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கடையின் வழக்கம், ஓர் உடுப்பில் கடைசித் துண்டும் விற்றுவிட்டால் அன்றிரவே அதன் பக்கம் தானாக மறைந்துவிடும். இல்லாததை எதற்குக் காட்டுவது? கொட்டகை போய் வாடகைக் கட்டடம் வந்து, பேக்கிங் மேசைக்கு ஒரு கணினித் திரையும் வந்த பிறகு, வளையல் காலையில் முதல் வேலையாகத் தளத்தைத் திறந்து பார்ப்பார். போன வாரம் இருந்த மஞ்சள் சட்டை மகள் இன்று இருக்க மாட்டாள். அதற்கடுத்த வாரம் ரெயின்கோட்டு மகள் போயிருப்பாள். கடைசியில், திரும்பத் திரும்பத் தருவித்து விற்ற கத்தரிப்பூ ஃபிராக்கும் போயிற்று. படங்களெல்லாம் அவரிடம் கைபேசியில் இருந்தன. ஆனால் அது வேறு. கைபேசியில் இருப்பவளை அவர் மட்டும்தான் பார்ப்பார். அங்கே நின்றவளை ஊர் பார்த்தது.

சில மாதம் கழித்து ஒரு பார்சல் திரும்பி வந்தது. சின்னதாக இருக்கிறது, பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று யாரோ திருப்பியிருந்தார்கள். திறந்தால் கத்தரிப்பூ ஃபிராக். வழக்கம்போல மடித்து ரேக்கில் வைத்து, கணக்கில் ஒன்று என்று ஏற்றினார். மறுநாள் காலை டீயோடு திரையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கம் தானாகத் திரும்பி வந்திருந்தது. பை புடைக்க, பல்லெல்லாம் தெரிய, மகள் நின்றுகொண்டிருந்தாள். கீழே 'ஒன்றே ஒன்று மீதம்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. டீ ஆடை கட்டிப் போனது.

அந்த ஒன்றை விற்கக்கூடாது என்று அவர் உட்கார்ந்து தீர்மானம் எதுவும் போடவில்லை. ஆர்டர் வந்தபோது கை தானாகச் செய்தது. ஃபிராக்கை எடுத்து மேல் ரேக்கில் ஷூ பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கணினியில் 'தையல் பிரிந்துள்ளது' என்று போட்டார். வாங்கியவருக்குப் பணம் திரும்பிப் போயிற்று, பக்கமும் மறைந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் 'சரிசெய்யப்பட்டது' என்று ஏற்றினார். மகள் வந்து நின்றாள். அதற்குப் பிறகு எப்போதாவது யாராவது அதைக் கேட்பதும், இவர் தையலைப் பிரிப்பதும் தைப்பதுமாக வருஷங்கள் ஓடின. கடையில் நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்சல் போகிறது. ஒரு ஃபிராக்கை யார் கண்டார்கள்?

மனைவி கண்டார். மனைவியிடம் எதையும் மறைத்து அவருக்குப் பழக்கமில்லை. "பெத்த பொண்ணு ஹால்ல உக்காந்திருக்கா. நீங்க ஆபீஸ்ல போய்க் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வர்றீங்க" என்று அவர் சொன்னதை வளையல் கேலி என்றே எடுத்துக்கொண்டார்.

ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்ணோ ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அம்மாவைவிட உயரம். கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் வந்திருந்தது. அவர் "சாப்பிட்டியா?" என்பார், "ம்" என்பாள். "படிச்சியா?" என்பார், "ம்" என்பாள். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். போன மாதம் அவளுக்காகக் கடையிலிருந்து புது ஷூ ஒரு ஜோடி எடுத்து வந்தார். ஊழியர்களுக்குத் தரும் விலையில் கிடைத்தது. பெட்டியை அவளே திறக்க வேண்டுமென்று பக்கத்தில் நின்றார். போட்டுப் பார்த்து "நல்லா இருக்குப்பா" என்றாள். அன்று முழுக்க அவர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மாலை அவள் பையை வீசிய வேகத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா சின்ன மகளுக்கு உடுப்புத் தேடும்போது அந்தப் பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது. தோழிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதற்குமேல் சொல்லவா வேண்டும்? வகுப்பின் வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் அந்தப் படத்தை வைத்துவிட்டார்கள். 'ஒன்றே ஒன்று மீதம்' என்ற சிவப்பு எழுத்தோடு சேர்த்து. அவள் வகுப்புக்குள் நுழைந்தாலே பின்வரிசையிலிருந்து "ஸ்டாக் இருக்கா?" என்று குரல் வருகிறதாம்.

"அதை எடுக்கச் சொல்லுங்கப்பா" என்றாள் மகள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

"மேடத்துக்கிட்டச் சொல்றேன்மா" என்றார்.

சொல்லவில்லை. மறுநாள் திரையைத் திறந்தார், பார்த்தார், மூடினார். இன்றைக்கு ஒருநாள் போகட்டும் என்றிருந்தது. ஒரு வாரம் கழித்து அவள் கேட்டபோது, மேடம் வெளியூர் என்றார். அடுத்த முறை, மேடம் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள் என்றார். தட்டை வைத்த சத்தத்திலேயே, மனைவிக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்தது. ஆனால் மகளிடம் மனைவி அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மகள் தலைவலி என்று படுத்துக்கொள்ளத் தொடங்கினாள். தலைவலி இல்லாத நாளும் படுத்துக்கொண்டாள். வகுப்பில் முதல் சில இடங்களுக்குள் வந்துவிடுகிற பிள்ளை. அந்தக் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த பிள்ளை.

அந்த வாரத்தில்தான் மேடம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கொட்டகையிலிருந்து கட்டடத்துக்கு வந்த பிறகும் மேடம் மாறவில்லை. மேசைமேல் பில்லுக்குப் பதில் எப்போதும் ஏதாவது ஒரு குட்டி ஷூதான் இருக்கும்.

"அண்ணே, ஒரு அம்மா போன் பண்ணினாங்க. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஃபிராக் ஆர்டர் போட்டாங்களாம். தையல் பிரிஞ்சிருக்குன்னு பணத்தைத் திருப்பிட்டோமாம். இன்னைக்கு மறுபடி போட்டிருக்காங்க. கொஞ்சம் பிரிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, நான் தச்சுக்கறேன், அனுப்புங்க, என் பொண்ணு படத்தைப் பாத்துட்டு இதுதான் வேணும்னு ஒரே பிடிவாதம், இன்னும் கொஞ்ச நாள் போனா அவ இந்த சைஸைத் தாண்டிடுவாங்கறாங்க. எடுத்துட்டு வாங்க, எவ்வளவு பிரிஞ்சிருக்குன்னு பாப்போம்."

வளையல் ஏணியைப் போட்டு, ஷூ பெட்டிகளை நகர்த்தி, ஃபிராக்கை எடுத்துக்கொண்டு போனார். மேடம் அதை மேசையில் விரித்தார். இப்படிப் புரட்டினார், அப்படிப் புரட்டினார். உள்பக்கத்தை வெளியே எடுத்துத் தையலை விரலால் தடவினார். பிறகு கணினியில் எதையோ தட்டி, கொஞ்ச நேரம் படித்தார்.

"இத்தனை தடவை தையல் பிரிஞ்ச ஃபிராக்கை நான் பாத்ததே இல்லண்ணே" என்றார். "பிரிஞ்ச தடமே இல்லாமத் தச்சிருக்கீங்க."

அவர் என்ன பதில் சொல்லியிருப்பாரோ, கதவை யாரோ தட்டினார்கள். பள்ளிச் சீருடையில், தோளில் பையோடு மகள். பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்திருக்கிறாள். அப்பாவை அங்கே எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவது என்று முடிவு செய்தவளாக மேடத்தைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, என் சின்ன வயசுப் படம் ஒண்ணு உங்க வெப்சைட்ல இருக்கு. அதை எடுத்துடுங்க, ப்ளீஸ். அப்பா ரெண்டு மூணு தடவை கேட்டும் நீங்க யோசிச்சுச் சொல்றேன்னீங்களாம். ஸ்கூல்ல எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

மேடம் வளையலைப் பார்த்தார். பிறகு மேடம் மேசைமேல் கிடந்த ஃபிராக்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நிதானமாக எழுந்தார்.

"இந்த ஒண்ணு வித்துட்டா அந்தப் பக்கம் தானா போயிடும்மா. இல்ல, இப்பவே நான் அழிச்சுடறேன், ஃபிராக்கை அப்பா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுன்னா போகட்டும். எதுன்னு அவரே சொல்லட்டும். வண்டி வர இன்னும் நேரம் இருக்கு."

மேடம் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

மகள் திரையில் தன் படத்துக்குக் கீழே 'தையல் பிரிந்துள்ளது', 'சரிசெய்யப்பட்டது' என்று மாறி மாறி ஓடிய வரிகளைப் படித்தாள், மேசையில் கிடந்த ஃபிராக்கைப் பார்த்தாள். படிக்கிற பிள்ளை, கூட்டிக் கழித்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"நீங்க ஆன்ட்டிகிட்டச் சொல்லவே இல்ல."

அவர் தலையை ஆட்டினார்.

"வேற யாரும் வாங்காமப் பாத்துக்கிட்டதும் நீங்கதான்."

அதற்கும் தலையை ஆட்டினார். கையிலிருந்த டேப்பு உருளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். என்னவோ அவற்றை மாட்டிக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

"உங்களுக்கு அவதான் வேணும்" என்றாள் மகள், திரையைக் காட்டி. அங்கே மேடம் திறந்து வைத்த பக்கம் அப்படியே இருந்தது. "நான் ஸ்கூலுக்குப் போனாலும் போகாட்டியும் ஒண்ணுதான்."

"அப்படி இல்லம்மா." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அவ என்கூடப் பேசுவா. பஸ்ல ஏறினா இறங்கற வரைக்கும் பேசுவா. அதான்... காலையில ஒரு தடவை பாத்தா, அன்னைக்கு வேலை ஓடும்."

"நீங்க என்கிட்ட என்ன கேக்கறீங்க? சாப்பிட்டியா, படிச்சியா. அதுக்கு எவ்வளவு நேரம்பா பதில் சொல்றது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமில்லை என்று அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபோதுதான் அவள் கால் கண்ணில் பட்டது. அவர் வாங்கிக் கொடுத்த ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி மாட்டியிருந்தாள். குதிகாலில் காய்ந்துபோன பிளாஸ்திரி.

"என்னம்மா இது?"

"சின்னது."

"போட்டுப் பாத்துட்டு நல்லா இருக்குன்னியே."

"நீங்க பெட்டியைத் தூக்கிட்டு வந்து பக்கத்துலயே நின்னீங்க. எப்படிச் சொல்றது?"

திரும்பி வருகிற பார்சல்களைப் பிரிப்பதும் அவர் வேலைதான். வெட்கமில்லாமல் சின்னது, பெரியது, இறுக்குகிறது என்று ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் திருப்பி அனுப்பியதை அவர் கை வாங்கி வைத்திருக்கிறது. தன் வீட்டிலிருந்து ஒன்று திரும்பி வரவில்லை என்பதையே இத்தனை நாள் பெருமையாக நினைத்திருந்தார். ஒரு மாதமாக அவள் அதைப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்திருக்கிறாள். அவர் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். பார்க்கவில்லை.

நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். தானும் கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், விடவில்லை. மேசை இழுப்பறையில் துணி சுற்ற வைத்திருந்த மெல்லிய காகிதம் இருந்தது. அதில் ஒன்றை எடுத்துக் குதிகாலைத் துடைத்துவிட்டார்.

"அது எங்க போகுது?" என்று ஃபிராக்கைக் காட்டிக் கேட்டாள் மகள்.

"ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அவங்க பொண்ணுக்கு."

"எத்தனை வயசு?"

"அதே வயசுதான்."

"அப்ப அனுப்புங்க. இல்லேன்னா அவளும் வளந்துடுவா." சொல்லிவிட்டு, "வீட்டுக்கு எடுத்துட்டு வந்தீங்கன்னா நான் பேசவே மாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஃபிராக்கை எடுத்துக்கொண்டு இருவரும் பேக்கிங் மேசைக்கு வந்தார்கள். அவர் வழக்கம்போல் நாலு சுற்றுச் சுற்றினார். மூலைக்கு அணை கொடுத்தார். ஐந்தாவதாக ஒரு சுற்றுக்குக் காகிதத்தை இழுத்தபோது மகள் அவர் கையைப் பிடித்தாள். "போதும்பா. பாவம், அந்தக் குழந்தை பிரிச்சே களைச்சுடும்." முகவரிச் சீட்டை அவளே ஒட்டினாள். கோணலாக ஒட்டினாள். வேறு யாராவது அப்படி ஒட்டியிருந்தால் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டுகிற ஆள், அன்று அப்படியே விட்டுவிட்டார். வண்டிக்காரர் வந்து மற்ற பெட்டிகளோடு அதையும் வாரி உள்ளே எறிந்தார். "மெல்லப்பா" என்றார் வளையல். "உள்ள கண்ணாடியா?" என்றார் வண்டிக்காரர். "இல்ல" என்றார்.

வண்டி திருப்பத்தில் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நிற்கலாமென்றுதான் நினைத்தார். மகள் ஒற்றைக் காலில் ஷூவோடும் மற்றதில் வெறுங்காலோடும் பக்கத்தில் நின்றாள். எனவே உள்ளே வந்தார்.

"இதைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பெருசு எடுத்துக்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் ரேக்கைப் பார்த்தார். பார்க்கத் தேவையில்லை, அவருக்கே தெரியும். "இதுதான்மா நம்ம கடையில கடைசி சைஸ். இதுக்கு மேல இங்க இல்ல."

இரண்டு பேருக்கும் அது கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. அந்தக் கடை அவள் அளவில் தொடங்கியது. இப்போது அதில் அவளுக்குப் போட ஒன்றுமில்லை.

"அப்ப வேற கடையில பாருங்க."

பேக்கிங் மேசைத் திரையில் அவர் வேறொரு தளத்தைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் பிறர் வாங்கியதைக் கட்டி அனுப்பியிருக்கிறாரே தவிர, தானாக எதையும் இப்படி வாங்கியதில்லை. எங்கே தட்டுவது என்று தடுமாறினார். 'பெண்கள்' என்று ஒரு பக்கம், 'சிறுமியர்' என்று ஒரு பக்கம். பழக்கத்தில் விரல் இரண்டாவதற்குப் போயிற்று. மகள் அவர் கையை நகர்த்தி முதலாவதைத் தட்டினாள்.

அந்தப் பக்கமாக வந்த மேடம் எட்டிப் பார்த்தார். "என் கம்ப்யூட்டர்ல, என் கரண்ட்டுல, வேற கடையில வாங்கறீங்களாண்ணே?"

"நம்ம கடையில இவளுக்கு இல்ல மேடம்."

மேடம் அவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "ஆமா, இருக்காதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரையில் ஷூக்கள் வரிசை வரிசையாக இறங்கின. அவர் நீல நிறத்தில் ஒன்றைக் காட்டினார். அது நடக்கிறவர்களுக்கு, தனக்கு ஓடுவதற்கு வேண்டும் என்றாள்.

"ஓடறதா? எங்க ஓடறே?"

"ஸ்கூல்ல. ரிலேயில எடுத்திருக்காங்க. மூணாவதா ஓடறேன்."

"எப்ப எடுத்தாங்க?"

போன மாதம் என்றாள். இந்த ஷூ வந்த அதே வாரம். அதனால்தான் பயிற்சிக்குப் போகவில்லை, ஆசிரியர் திட்டினார், தனக்கு முன்னால் ஓடுகிறவள் கையிலுள்ள கோலை நேரத்துக்குக் கொடுக்க மாட்டாள், அவளுக்கு எப்போதும் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிற வியாதி, 'ஸ்டாக் இருக்கா' என்று முதலில் கத்தியதும் அவள்தான். சொல்லிக்கொண்டே போனாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்றார். நடுவே கறுப்பில் ஒன்று இருவருக்கும் பிடித்தது. எந்த அளவு என்று திரை கேட்டது. அவர் விரல் எண்களின்மேல் வந்து நின்றது. ஊரிலுள்ள பிள்ளைகளின் அளவெல்லாம் தெரிந்த விரல்.

"நீயே சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள். அவர் கால் அளவைவிட ஒன்றுதான் குறைவு. அதைத் தட்டிவிட்டு, கோலை நேரத்துக்குக் கொடுக்காத அந்தப் பெண்ணைப் பற்றி விட்ட இடத்திலிருந்து கேட்டார்.